மோர்ட்டார்னா எது, சாந்தா உரலா பீரங்கியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குல ஹார்ட்வேர், ரெனோவேஷன் லைன்ல இருக்கறதால மோர்ட்டார்னு ஆரம்பிக்கிற எல்லா கேள்வியும் சுத்தி சுத்தி என்கிட்டதான் வரும். சிமெண்டு வாங்க வர்றவங்க ஒரு பக்கம், ஸ்கூல் பிராஜெக்ட்டுக்கு வர்ற பிள்ளைங்க ஒரு பக்கம், யூடியூப்ல சண்டை வீடியோ பாத்துட்டு சந்தேகம் கேக்குற அண்ணனுங்க இன்னொரு பக்கம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

மோர்ட்டாரும் மோட்டாரும் ஒண்ணா?

இல்ல. நம்ம ஊர்ல மோட்டார்னா ரெண்டு சக்கர வண்டி, இல்லன்னா தண்ணி பம்பு. இங்க பேசப் போறது நடுவுல ஒரு ‘ர்’ வர்ற மோர்ட்டார். ஆனா எழுதும்போது அந்த ‘ர்’ அடிக்கடி விழுந்துடும், பேப்பர்ல “மோட்டார் தாக்குதல்”னு தலைப்பு போட்டிருப்பாங்க, அத படிச்சுட்டு மோட்டார்ல வந்து அடிச்சிட்டு போயிட்டாங்களான்னு கேட்டவங்க இருக்காங்க. இலங்கைத் தமிழ்ல அப்படி வந்து விழற குண்டை எறிகணைன்னும் சொல்லுவாங்க, அதுல குழப்பம் கம்மி.

கட்டடத்துக்கு போடற சாந்து, இடிக்கிற உரல், குண்டு போடற பீரங்கி, மூணுக்கும் ஏன் ஒரே பேரு?

எல்லாம் உரல்ல ஆரம்பிச்சதுதான். ரோமாபுரி காலத்து லத்தீன்ல ‘மோர்டாரியும்’னு சொன்னா இடிக்கிற பாத்திரம், அதுல இடிச்சு கலக்கி எடுத்த பொருளுக்கும் அதே பேரு. அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. அப்புறம் ஐரோப்பால குட்டையா, தடியா, வாய் அகலமா ஒரு பீரங்கி வார்த்தாங்க, பாக்க அப்படியே உரலை சாய்ச்சு வச்ச கணக்கா இருந்ததால அதுக்கும் அந்த பேரையே வச்சுட்டாங்க. நம்ம பக்கமும் சாந்துன்னா நெத்தியில வைக்கிற சாந்துப் பொட்டும் இருக்கு, செங்கல்லுக்கு நடுவுல வைக்கிற சாந்தும் இருக்கு, ரெண்டுமே அரைச்சு குழைச்ச விஷயம்தானே.

சிமெண்டு வேற, மோர்ட்டார் வேறயா? அப்ப கான்கிரீட்?

பையில வர்ற தூள்தான் சிமெண்டு. அது கூட மணலும் தண்ணியும் சேத்தா மோர்ட்டார், நம்ம ஆளுங்க சாந்து இல்லன்னா கலவைம்பாங்க. அதுலயே ஜல்லியும் போட்டா கான்கிரீட். மோர்ட்டாரோட வேலை கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல உக்காந்து புடிச்சுக்கறது, இல்ல சுவத்து மேல பூச்சா இருக்கறது. தனியா தூணா நிக்கிற வேலைக்கு கான்கிரீட்டுதான், அதுலயும் உள்ள கம்பி வேணும். மோர்ட்டார்ல தூண் ஊத்துன புண்ணியவான் ஒருத்தர பாத்திருக்கேன், அத இப்ப பேச வேணாம்.

இன்னொண்ணு, சிமெண்டு காஞ்சு இறுகறது இல்ல. தண்ணியோட வினை நடந்துதான் இறுகுது, தண்ணிக்குள்ளயே கூட இறுகும். அதனாலதான் பூசி முடிச்ச அடுத்த சில நாளு தண்ணி தெளிங்க தெளிங்கன்னு கத்துறோம். பினாங்கு வெயில்ல மேல் தண்ணி சீக்கிரமா ஆவியாயிட்டா வினை பாதியில நின்னுடும், மேல மாவு மாதிரி உதிரும், கோடு கோடா வெடிக்கும், அப்புறம் சிமெண்டு கம்பெனிய திட்டுவீங்க. முழு பலத்துக்கு வழக்கமா 28 நாள் கணக்கு வச்சுதான் டெஸ்ட் பண்ணுவாங்க.

இப்ப விக்கிற போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824ல இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின்னு ஒரு கொத்தனார் பேட்டன்ட் வாங்குனாரு. இறுகுனா போர்ட்லண்ட் தீவுல வெட்டுற கல்லு கலர்ல இருக்குன்னு சொல்லி அந்த பேரு.

எத்தனை பால்டி (வாளி) மணலுக்கு எத்தனை சிமெண்டு?

ஒரு பங்கு சிமெண்டுக்கு இத்தனை பங்கு மணல்னு கணக்கு. செங்கல் அடுக்க 1க்கு 4 இல்ல 5, பூச்சு வேலைக்கு 1க்கு 4லேருந்து 6 வரைக்கும், பாத்ரூம் மாதிரி ஈரம் அடிக்கிற இடத்துக்கு 1க்கு 3னு கொத்தனாருங்க போடுவாங்க. ஒரே பால்டியில அளக்கணும், சிமெண்டுக்கு ஒரு பால்டி மணலுக்கு சொவெல் (மண்வாரி) கணக்குன்னு பண்ணா ஒவ்வொரு கலவையும் ஒவ்வொரு மாதிரி வரும். முதல்ல ரெண்டையும் தண்ணி இல்லாம நல்லா பிரட்டி கலர் ஒண்ணா வந்ததும்தான் தண்ணி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. கரண்டியில எடுத்து கவுத்தா உடனே வழியாம கொஞ்ச நேரம் ஒட்டிக்கிட்டு இருக்கணும், அதான் பதம். கலந்தத ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடணும். இறுக ஆரம்பிச்சதுல மறுபடி தண்ணி ஊத்தி கிண்டுனா பாக்க புதுசா இருக்கும், பலம் இருக்காது. டீ குடிச்சிட்டு வந்து இத பண்ற ஆளுங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், வீட்டுக்காரங்க கிட்ட நிக்கணும் லா, வேற வழி இல்ல.

சிமெண்டு அதிகமா போட்டா சுவரு இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்தானே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. சாந்து கல்லை விட மெதுவா இருக்கணும். வீடு வெயில்ல விரியும், ராத்திரி சுருங்கும், மண்ணு கொஞ்சம் இறங்கும், அந்த அசைவ எல்லாம் எங்கயாவது தாங்கியாகணும். சாந்து மெதுவா இருந்தா விரிசல் சாந்துல விழும், சொரண்டி எடுத்துட்டு புதுசா வச்சு அடைச்சிடலாம், செலவு கம்மி. சாந்து கல்லை விட கெட்டியா இருந்தா கல்லே உடையும். கல்லை மாத்தற செலவு என்னன்னு ஒருதரம் கொட்டேஷன் கேட்டு பாருங்க.

அமெரிக்கா ஸ்டாண்டர்ட்ல சாந்தை எம், எஸ், என், ஓ, கேன்னு அஞ்சு ரகமா பிரிச்சிருந்தாங்க, மேசன் வர்க் (MaSoN wOrK)ங்கற இங்கிலீஷ் வார்த்தைல ஒரு எழுத்து விட்டு ஒரு எழுத்தா பொறுக்குனது அது. எம் ரகம் 2500 பிஎஸ்ஐ (எவ்வளவு அமுக்கத்த தாங்கும்ங்கற அளவு), ரொம்ப கெட்டி, மண்ணுக்கு கீழ வர்ற சுவருக்கு. சாதா வெளிச் சுவருக்கு என் ரகமே போதும்ங்கறாங்க, அது வெறும் 750 பிஎஸ்ஐ. வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு பலம் போதும்னுதான் அந்த லிஸ்ட்டே போட்டிருக்காங்க.

ஜார்ஜ்டவுன்ல பழைய கடைவீடு (கீழ கடை, மேல வீடு) வாங்கியிருக்கோம், கீழ் சுவரெல்லாம் ஈரம், பெயிண்ட் உரிஞ்சு உப்பு பூத்துருக்கு. சிமெண்டு வச்சு பூசிடலாமா?

தயவு செஞ்சு பூசாதீங்க. எனக்கு வர்ற கேள்வியிலயே அதிகமா வர்றது இதுதான், அதிகமா கெட்டுப் போறதும் இதுலதான்.

அந்த காலத்து கடைவீட்டு சுவரு சிமெண்டுல கட்டுனது இல்ல, சுண்ணாம்பு சாந்து. சாவி முனையால சாந்து கோட்ட லேசா கீறி பாருங்க, வெள்ளையா பொடிப்பொடியா கொட்டி, நடுவுல சின்ன சின்ன வெள்ளைக் கட்டி தெரிஞ்சா அது சுண்ணாம்பு. சாம்பல் கலர்ல சாவி வழுக்கிட்டு போனா யாரோ ஏற்கனவே சிமெண்டு வச்சு வேலைய காமிச்சிட்டாங்கன்னு அர்த்தம்.

அந்த வீடுங்களுக்கு அஸ்திவாரத்துல ஈரத்த தடுக்கற லேயர் எதுவும் கிடையாது. மண்ணுல இருக்கற தண்ணி செங்கல் வழியா மேல ஏறும், சுண்ணாம்பு பூச்சு அத வெளிய விட்டுடும், சுவரு தானா காஞ்சுக்கும். நூறு வருஷத்துக்கும் மேல இப்படியே ஓடிருச்சு. நீங்க போயி அதுக்கு மேல சிமெண்டு பூசி, அதுக்கும் மேல பளபளன்னு எமல்ஷன் அடிச்சா ஏறுன ஈரம் வெளிய வர வழியில்ல, இன்னும் மேல ஏறும். முன்ன முட்டி உயரத்துல இருந்த கறை இப்ப இடுப்புக்கு வரும். ஈரத்தோட வர்ற உப்பு பூச்சுக்கு பின்னாடி போய் படிகமா கட்டி செங்கல்லோட முகத்தையே பேத்துடும். பூச்சை தட்டி எடுத்துட்டு பாத்தா உள்ள செங்கல்லு செவப்பு மாவா கையோட வரும், விரலை வச்சு நோண்டலாம், அந்த அளவுக்கு போயிடும்.

செய்ய வேண்டியது என்னன்னா, முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாருங்க, உடைஞ்ச கூரை பைப்பா, அடைச்ச லொங்காங்கா (சாக்கடை), பக்கத்து வீட்டு பாத்ரூமா. அத சரி பண்ணுங்க. அப்புறம் சிமெண்டு பூச்சை உரிச்சுட்டு சுவரை நல்லா காய விடுங்க, மாசக்கணக்குல கூட ஆகும், அவசரப்பட்டா காசு தண்டம். அதுக்கப்புறம்தான் சுண்ணாம்பு சாந்துல பூச்சு, மேல மூச்சு விடற சுண்ணாம்பு பெயிண்ட். 2008லேருந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு, அந்த எல்லைக்குள்ள உங்க வீடு வருதுன்னா உளிய தொடறதுக்கு முன்ன எம்பிபிபி-ல (பினாங்குத் தீவு மாநகர மன்றம்) பெர்மிட் விஷயம் கேட்டுக்கங்க. தொல்லைதான். உரலுக்குள்ள தலைய குடுத்துட்டு உலக்கைக்கு பயந்தா ஆகுமா, ஹெரிட்டேஜ் வீடு வாங்கும்போதே தெரிஞ்சுக்க வேண்டியது இது.

சுண்ணாம்பு எப்படி இறுகுது? வெத்தலைக்கு தடவற சுண்ணாம்பா?

அடிப்படையில அதேதான். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ பவளப் பாறையையோ 900 டிகிரி பக்கம் சுட்டா கரியமில வாயு வெளிய போயி சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதுல தண்ணி ஊத்துனா புஸ்ஸுன்னு சூடாகி கொதிச்சு நீறும். வெத்தலைக்கு போடறது அந்த நீத்த சுண்ணாம்பு. சாந்தா பூசுனதும் அது காத்துல இருக்கற கரியமில வாயுவ மெதுவா இழுத்து திரும்பவும் கல்லா மாறிடும். மாசம் ஆகும், தடிச்ச சுவரா இருந்தா வருஷமும் ஆகும். நீத்த சுண்ணாம்ப ஊற வச்சு பழசாக்கணும்ங்கறது ரொம்ப பழைய வழக்கம், 3 வருஷத்துக்கு குறைஞ்ச சுண்ணாம்ப கண்ட்ரேக்டர் தொடக்கூடாதுன்னு சட்டம் இருந்ததா ரோமாபுரி எழுத்தாளர் பிளினி எழுதி வச்சிருக்காரு.

சுட்ட சுண்ணாம்ப வீட்ல வச்சு நீத்தாதீங்க. கண்ணுல தெறிச்சா பார்வை போகலாம், வெளையாட்டு இல்ல. ஏற்கனவே நீத்துன தூள் பையில வருது, அத வாங்குங்க, அதுக்கும் கிளவ்ஸும் கண்ணாடியும் போட்டுக்கங்க.

முட்டை, வெல்லம், கடுக்காய் எல்லாம் போட்டு கட்டுனாங்கன்னு தாத்தா சொல்லுவாரு, ரீலா?

தாத்தா சொன்னது உண்மை. தமிழ்நாட்டுல கடுக்காய் ஊறுன தண்ணியும் வெல்லம் இல்ல கருப்பட்டி தண்ணியும் சுண்ணாம்புல சேப்பாங்க, செட்டிநாட்டு வீட்டு சுவரு கண்ணாடி கணக்கா மினுக்கறதுக்கு முட்டை வெள்ளைக்கரு சேத்த பூச்சுதான் காரணம்.

அந்த கைவேலை கடல் தாண்டி நம்ம பக்கமும் வந்துச்சு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணையும் 1826ல இங்கிலீஷ்காரன் ஒண்ணா சேத்து ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்னு வச்சான்ல, அந்த காலத்துல இந்தியாலேருந்து கப்பல்ல கொண்டாந்த கைதிங்கதான் ரோடு, கட்டடம்னு பாதி வேலைய செஞ்சது. சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கத்தீட்ரல் அவங்க கையால எழும்புனது, 1862ல அர்ப்பணம் பண்ணாங்க. அதோட உள் சுவத்துக்கு போட்ட பூச்சுக்கு பேரு மெட்ராஸ் சுனாம், அதாவது நம்ம சுண்ணம். சிப்பி சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கட்டி சர்க்கரை மூணையும் அடிச்சு பசையாக்கி, தேங்காய் மட்டை ஊறுன தண்ணிய சேத்து பூசியிருக்காங்க. காஞ்சதும் வழவழப்பான கல்லை வச்சு தேய்தேய்னு தேய்ச்சு பளபளப்பு கொண்டு வந்தாங்க. சங்கிலி போட்டு கூட்டிட்டு வந்த ஆளுங்க கைத்திறமை அது, அவங்க பேரு எந்த கல்வெட்டுலயும் இல்லாதது எனக்கு எப்பவும் கடுப்பு.

சீனாவுல அதுக்கு பதிலா பசை அரிசி கஞ்சி. மிங் காலத்து பெருஞ்சுவர்ல கூட சில பகுதிக்கு அந்த சாந்துதான். 2010ல சீன கெமிஸ்ட்ரி ஆளுங்க ஆராய்ஞ்சு பாத்து, அரிசியில இருக்கற அமைலோபெக்டின்ங்கற மாவுச் சத்து சுண்ணாம்பு படிகத்த ரொம்ப பெருசா வளர விடாம நெருக்கமா கட்டுது, அதனாலதான் அந்த உறுதின்னு எழுதுனாங்க.

அதுக்காக இப்ப சிமெண்டு கலவையில வெல்லத்த போட்டு பாக்காதீங்க, சர்க்கரை கொஞ்சம் சேந்தாலே சிமெண்டு நேரத்துக்கு இறுகாது. சுண்ணாம்புக்கு நல்லது சிமெண்டுக்கு ஆகாது.

பத்து பெரிங்கி பீச் மணல் இலவசமா கிடைக்குதே, கலவைக்கு எடுக்கலாமா?

கூடாது. உப்பு இருக்கு, சுவத்துல வெள்ளையா பூக்கும், உள்ள கம்பி இருந்தா துரு ஏறும். எடுக்கறதும் சட்டப்படி தப்பு. ஆத்து மணல் வாங்குங்க.

ஃபிளாட்ல டைல்ஸ் திடீர்னு டமார்னு கூரை மாதிரி எழும்பிடுச்சு. மோர்ட்டார் தப்பா?

பெரும்பாலும் மோர்ட்டாரும் வேலையும் சேந்த தப்பு. டைல்ஸ் மேல காசால தட்டி பாருங்க, டொக்கு டொக்குன்னு வெத்து சத்தம் வந்தா கீழ கோப்போங், அதாவது காலி. டைல்ஸுக்கு பின்னாடி அஞ்சு இடத்துல உருண்டை உருண்டையா கலவை வச்சு அமுக்குனா நடுவுல காத்துதான் இருக்கும். டைல்ஸுக்கு நடுவுல இடைவெளியே விடாம முட்ட முட்ட ஒட்டுனா சூட்டுல விரியறப்ப போக இடம் இல்லாம மேல எழும்பும். போர்சலின் டைல்ஸ்னா இன்னும் கவனம், அது தண்ணி குடிக்கிறது 0.5 சதவீதத்துக்குள்ளதான், வெறும் சிமெண்டு தண்ணிக்கு ஒட்டாது, பாலிமர் சேத்த டைல்ஸ் பசை வேணும், பல்லு வச்ச கரண்டியில முழுசா இழுத்து பூசணும்.

லெசுங் பத்து, அம்மி, ஆட்டுக்கல், உரல், இதுல எது மோர்ட்டார்?

குழியில போட்டு இடிக்கிறது எல்லாம் மோர்ட்டார் கணக்கு, அதனால உரலும், மலாய்க்காரங்க சமையல்ல வச்சு இடிக்கிற கல் உரலான லெசுங் பத்துவும் அதுல வரும். அம்மி தட்டையான கல்லு, குழவிய உருட்டி அரைக்கிறது, அது வேற. ஆட்டுக்கல் குழி இருந்தாலும் இடிக்கிறதில்ல, சுத்தறது. உலக்கைன்னு நாம சொல்றத மலாய்க்காரங்க லெசுங் பத்துவுக்கு அனாக் லெசுங்னு சொல்லுவாங்க, லெசுங்கோட பிள்ளைன்னு. கன்னத்துல விழற குழிக்கும் மலாய்ல லெசுங் பிப்பிட்னு பேரு.

புதுசா வாங்குன லெசுங்ல மணல் மணலா வருதே?

பழக்கணும். முதல்ல தண்ணி விட்டு பிரஷ் போட்டு தேய்ச்சு கழுவுங்க, அப்புறம் பச்சரிசி ஒரு கைப்பிடி போட்டு இடிச்சு சுத்தி சுத்தி அரைங்க. முதல்ல மாவு சாம்பல் கலர்ல வரும், கொட்டிட்டு திரும்ப புது அரிசி. மாவு வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க. கடைசியா தேங்காய் திருகலும் பூண்டும் போட்டு ஒரு அரை அரைச்சு கழுவி வெயில்ல காய வச்சா ரெடி. சோப்பு போடாதீங்க, கல்லு உறிஞ்சிக்கும், அடுத்த சம்பல்ல மணக்கும். எவ்வளவு அரைச்சும் சாம்பல் நிக்கலன்னா கல்லே மட்டம், கருங்கல்லு இல்ல, திருப்பி குடுத்துடுங்க.

வாங்கும்போது விரல் நகத்தால உள்குழிய சொரண்டி பாருங்க, பொடி வந்தா வைங்க கீழ. கனமா இருக்கற ஒண்ணா பாத்து எடுங்க, லேசானது இடிக்க இடிக்க மேசை மேல நகர்ந்துட்டே போகும். ஃபிளாட்ல இருக்கறவங்க அடியில மடிச்ச துணி போட்டு மேசைக்கால் இருக்கற மூலையில வச்சு இடிங்க, இல்லன்னா கீழ் வீட்டு அக்கா மேல வந்துடுவாங்க.

பிளெண்டர் பத்தாதான்னு கேட்டா, சம்பல் பெலாச்சானுக்கு (இறால் கட்டி போட்ட மிளகாய் சட்னி) பத்தாது. பிளேடு வெட்டுது, லெசுங் நசுக்குது, நசுக்குனாதான் மிளகாய்லேருந்து எண்ணெயும் வாசமும் வெளிய வரும். உப்பும் மிளகாயும் முதல்ல, சுட்ட பெலாச்சான் அப்புறம், லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) கடைசில. தோசை மாவுக்கு கிரைண்டர் போடுங்க, அங்க வீரம் காட்ட வேணாம்.

பார்மசி போர்டுல ஏன் உரல் படம்? வீட்ல மாத்திரைய இடிச்சு குடுக்கலாமா?

மாத்திரை மெஷின்ல வராத காலத்துல மருந்துக்கடைக்காரர் வேலையே இடிச்சு பொடி பண்றதுதான், அதனால அந்த சின்னம் நிலைச்சிருச்சு. சித்த வைத்தியத்துல இதுக்கு கல்வம்னு பேரு, படகு மாதிரி நீளமா இருக்கும், பற்பம் செந்தூரம் மாதிரி மருந்துப் பொடியெல்லாம் ஜாமக் கணக்குல அதுல அரைப்பாங்க. கெமிஸ்ட்ரி லேப்ல பீங்கான்லயும், ரொம்ப சுத்தம் வேணும்னா அகேட் கல்லுலயும் செஞ்சது இருக்கும்.

மாத்திரைய இடிக்கறதுக்கு முன்ன பார்மசிஸ்ட்ட கேளுங்க. சில மாத்திரை மெதுவா பல மணி நேரம் கரையற மாதிரி செஞ்சிருக்கும், இடிச்சா மொத்த டோஸும் ஒரே நேரத்துல உடம்புக்குள்ள இறங்கிடும். சிலதுக்கு வயித்து அமிலம் படாம இருக்க மேல் பூச்சு இருக்கும், இடிச்சா அது வீண். பாட்டிக்கு முழுங்க கஷ்டம்னா சிரப் இருக்கான்னு கேளுங்க. சம்பல் இடிக்கிற லெசுங்ல மருந்து இடிக்காதீங்க, இத சொல்லணுமான்னு தோணுது, ஆனா செய்றாங்க.

பினாங்கு கோட்டை ஃபோர்ட் கார்ன்வாலிஸ்ல நிக்கிறது மோர்ட்டாரா?

இல்ல, அது நீளக் குழாய் பீரங்கி. அங்க இருக்கற பெரிய ஆளு ஸ்ரீ ராம்பாய், 1603ல டச்சுக்காரன் வார்த்தது, பிள்ளை வரம் வேணும்னு பொம்பளைங்க அது வாயில பூ வச்சதா கதை சொல்லுவாங்க. குழாய் எவ்வளவு நீளம்னு பாருங்க, அது நேரா பாயற ரகம். மோர்ட்டார் குட்டை, வாயை வானத்துக்கு தூக்கிட்டு நிக்கும், 45 டிகிரிக்கு மேல. பக்கத்து வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் பந்தை போடணும்னா மதிலைப் பாத்து எறியாம மேல தூக்கித்தான போடுவோம், அதே யோசனைதான். 1453ல கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகை போட்டப்ப, நடுவுல கலாட்டாங்கற பேருள்ள ஊரோட மதிலு மறைச்சதால, அதுக்கு மேலயே குண்டை தூக்கி போட்டு அந்தப் பக்கம் நிக்கிற கப்பலை அடிக்க துருக்கி சுல்தான் மெஹ்மெட் இந்த ரகத்த செய்ய வச்சாருன்னு அந்த காலத்து கிரேக்கர் ஒருத்தர் எழுதியிருக்காரு.

ஹொவிட்சர்னு ஒண்ணு இருக்கு, அது நீளப் பீரங்கிக்கும் மோர்ட்டாருக்கும் நடுவுல.

இப்ப இருக்கற மோர்ட்டார் எப்படி வேலை செய்யுது?

ஒரு குழாய், அடியில மண்ணுல பதியற தட்டு, முன்னாடி ரெண்டு கால், குறி பாக்க ஒரு கருவி, அவ்வளவுதான். குண்டை வால் பக்கமா மேலேருந்து உள்ள போட்டா சறுக்கிட்டு போயி அடியில இருக்கற ஊசியில மோதி, வால்ல இருக்கற வெடிமருந்து பத்தி, வந்த வழியாவே வெளிய பாஞ்சிடும். 1915ல முதல் உலகப் போர் பதுங்கு பள்ளங்களுக்காக வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ்னு இங்கிலீஷ் இன்ஜினியர் போட்ட டிசைன்தான் இன்னிக்கு வரைக்கும் அடிப்படை. அதுக்கு முன்ன இது பெரும்பாலும் மலை மாதிரி கனம், 1857ல மாலெட்னு ஒருத்தர் செஞ்ச மோர்ட்டாருக்கு வாயே 36 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு மீட்டர், செஞ்சதோட சரி, ஒரு சண்டைக்கும் போகல. ஸ்டோக்ஸோடத பிரிச்சு ஆளுங்களே தூக்கிட்டு நடக்கலாம். இப்ப பரவலா இருக்கற அளவு 60, 81, 120 மில்லிமீட்டர், 81 ரகம் 5 கிலோமீட்டருக்கு மேல போகும். ஆளுங்க பதுங்கு பள்ளத்துக்குள்ள ஒளிஞ்சாலும் மேலேருந்து செங்குத்தா வந்து விழும், சண்டை நடக்கற ஊருல ஜனங்க இதுக்கு அவ்வளவு பயப்படறது அதனாலதான்.

ஜப்பான்காரன் முட்டியில வச்சு சுட்ட மோர்ட்டார் உண்மையா?

ஆயுதம் உண்மை, முட்டி பொய். டைப் 89னு 50 மில்லிமீட்டர் குட்டி லாஞ்சர், அஞ்சு கிலோ கூட வராது, ஜப்பான் காலாட்படை கையோட வச்சிருந்தது. அடித்தட்டு வளைஞ்சு இருந்ததால எதிர்ப்பக்கத்து ஆளுங்க தொடையில வச்சு சுடறதுன்னு நினைச்சு ‘நீ (knee) மோர்ட்டார்’, அதாவது முட்டி மோர்ட்டார்னு பேரு வச்சுட்டாங்க. அப்படி சுட்டா எலும்பு உடையும். தரையில இல்ல மரத்துல அழுத்தி வச்சுதான் சுடணும்.

வீட்டு வேலைக்கு மண்ணு தோண்டும்போது துருப்பிடிச்ச குண்டு மாதிரி வந்தா?

தொடாதீங்க, கழுவாதீங்க, லாரியில தூக்கி போட்டு பாலாய் போலீஸுக்கு (போலீஸ் ஸ்டேஷன்) கொண்டு போகவே போகாதீங்க. ஜப்பான் ஆண்ட காலத்து, அப்புறம் கம்யூனிஸ்டுகளோட சண்டை நடந்த அவசரகாலத்து மோர்ட்டார் குண்டெல்லாம் இந்த நாட்டுல இன்னும் மண்ணுக்குள்ள இருக்கு, துரு ஏறுனதால செத்துருச்சுன்னு அர்த்தம் இல்ல, உள்ள மருந்து அப்படியே இருக்கும். ஆளுங்கள தூரமா போகச் சொல்லிட்டு 999 அடிங்க, போலீஸ் பாம் ஸ்குவாட் வந்து பாத்துக்கும். ஒரு நாள் வேலை நின்னுச்சேன்னு கண்ட்ரேக்டர் முணுமுணுப்பாரு, முணுமுணுக்கட்டும்.

கான்வோகேஷன் தொப்பிய ஏன் மோர்ட்டார்போர்டுங்கறாங்க?

கொத்தனார் இடது கையில சாந்து வச்சு புடிச்சிருப்பாரே சதுரப் பலகை, அடியில கைப்பிடியோட, அந்த ஷேப்பு. கிண்டலா வச்ச பேரு நிலைச்சிருச்சு. யூஎஸ்எம்ல (பினாங்கு பல்கலைக்கழகம்) பட்டம் வாங்குற பிள்ளைங்கள பெத்தவங்க பாதிப்பேரு அந்த நிஜப் பலகைய புடிச்சு பிழைச்சவங்க.

பிரிக் அண்ட் மோர்ட்டார் பிசினஸ்னா செங்கல் கடையா?

எந்த கடையா இருந்தாலும் சரி, செங்கல்லும் சாந்துமா நிஜமா நிக்கிற கடை, ஷொப்பீ லசாடா மாதிரி ஆன்லைன்ல மட்டும் இல்லாதது.

மிஞ்சுன கலவைய சிங்க்ல ஊத்தி தண்ணி விட்டா போயிடும்தானே?

போகாது. மேலயே சொன்னேன், சிமெண்டு தண்ணிக்குள்ளயும் இறுகும், பைப்பு வளைவுல போயி உக்காந்து கல்லாயிடும், அப்புறம் பைப்பையே அறுத்து எடுக்கணும். பழைய சிமெண்டு பை மேல கொட்டி கட்டியாக விடுங்க, மறுநாள் உடைச்சு கட்டட குப்பையோட போடுங்க. பால்டி கரண்டி கழுவுன தண்ணிய லொங்காங்ல விடாம, அடியில தெளிய விட்டு மேல் தண்ணிய மட்டும் செடி இல்லாத மண்ணுல ஊத்துங்க, கீழ நிக்கிற வண்டலையும் அதே கட்டியோட சேத்துக்கங்க.